முதலில் நம்பர், அப்புறம் முகம்

சிக்னலில் கேமரா வைப்பது சரியா, ஆள் நின்று கை காட்டுவது சரியா என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டு, எஸ்.ஐ. கவிதா மேடம் நெல்லித்தோப்பில் இருக்கிற என் வீட்டுக்கே வந்துவிட்டார். சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். போக்குவரத்துப் பிரிவிலேயே காலம் முழுக்க நின்று தலைமைக் காவலராக ஓய்வு பெற்ற இந்த ஏழுமலை எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று மேலிடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மேலிடத்துக்கு விஷயம் தெரியாது. மேடத்துக்குத் தெரியும்.

வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எழுதலைன்னா நான் எழுதணும் ஐயா. எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றார். என் மகளைவிட இளையவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்த பிறகும் நான் பிகு பண்ணிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை.

ஊர் முழுக்க இப்போது இதே பேச்சுதான். கம்பத்தில் கேமரா ஏறிய நாளிலிருந்து டீக்கடையில் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. அது வசூல் பெட்டி என்கிறான் ஒருவன். அதற்குக் கண் இருக்கிறதே தவிர மனசு இல்லை என்கிறான் இன்னொருவன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வண்டியில புள்ளத்தாச்சி இருக்குதா, சும்மா போறனான்னு அதுக்கு என்னா தெரியும்? நீங்க நின்னீங்கன்னா தெரியும்" என்பார். ஒரு காலத்தில் இதைக் கேட்டால் எனக்குக் காது குளிர்ந்துபோகும். கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு மூச்சுத் திணறலோடு போகிற வண்டிகளுக்கு நடு ரோட்டில் நின்று வழி பண்ணிவிட்டவன்தானே நான். அதிலெல்லாம் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நம்முடைய இந்த இரக்கம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிவரை மூடி வைத்து அவிழ்க்கிற வித்தை எனக்குத் தெரியாது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேமரா சரியாகப் பிடித்துக் கொடுத்ததை நான் மூன்று தடவை மறைத்தேன். நாலாவது தடவை இரண்டு பேர் ரோட்டில் விழுந்தார்கள். ஒருவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இன்னொருத்தி எனக்கு யாரென்றே தெரியாதவள்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை திறந்திருந்த மாதங்களைவிட மூடிக்கிடந்த மாதங்கள் அதிகமான காலத்தில் நான் போலீஸ் வேலைக்கு மனு போட்டேன், கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், வெயிலில் நின்றோம், சிவப்புத் தொப்பியைத் தலையில் கோணாமல் வைக்கக் கற்றுக்கொண்டோம். மற்றதையெல்லாம் நெல்லித்தோப்பு சிக்னலில், எஸ்.ஐ. லூர்துநாதன் சாரிடம்தான் கற்றேன்.

லூர்து சாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற வீடு. நினைத்திருந்தால் சாரும் கப்பலேறிப் போயிருக்கலாம்; போகவில்லை, இங்கேயே போலீசில் சேர்ந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சிவப்பில் தாண்டி வந்தவனை, அவன் மாட்டுவண்டிக்காரனாக இருந்தாலும், பிரெஞ்சு மரியாதையோடு "முசியே" என்றுதான் கூப்பிடுவார். அந்த முசியேயைக் கேட்டால் லாரி டிரைவருக்கே வேர்த்துவிடும். எனக்கோ வாய் நீளம். வண்டிக்காரனை நிறுத்தினால் அவன் பரம்பரையையே இழுத்து நாலு வார்த்தை கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். "வாய வச்சிக்கினு சும்மா இரு. கை பேசட்டும்" என்பார்.

அவர் கை பேசத்தான் செய்யும். விசிலைச் சதா ஊதிக்கொண்டிருப்பவனை அவருக்குப் பிடிக்காது. நிறுத்துவதற்கு நீளமாக ஒன்று, விடுவதற்குச் சின்னதாக ஒன்று, அவ்வளவுதான். வருகிற கூட்டத்தையே பார்த்துக் கை காட்டக் கூடாது; முதல் வண்டிக்காரன் கண்ணைப் பிடிக்க வேண்டும். அவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்பார்கள். அவன் கண்ணை விட்டுவிட்டு நாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் முதுகில்தான் வந்து இடிப்பான். விடும்போது கையை மார்புப் பக்கமாக மடக்கி, பிரெஞ்சில் "அலே, அலே", போ போ என்று மெதுவாகச் சொல்வார். யாருக்கும் கேட்காது. ஆனாலும் சொல்வார்.

ஒருவனைப் பிடித்தால் எப்படி வழக்கு எழுதுவது என்பதற்கு அவர் வைத்திருந்த முறை வேறு எங்கேயும் கிடையாது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னதும் ஓட்டியவனிடம் போகக் கூடாது. நேராகப் பின்பக்கம் போக வேண்டும். நம்பரை வாய்விட்டுப் படித்து, சலான் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் முன்னால் வந்து ஆளைப் பார்க்கலாம். எழுதிய தாளைக் கிழிக்க முடியாது, அடிக்கட்டை காட்டிக்கொடுத்துவிடும். வந்த புதிதில் இது எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது.

ஒரு நாள் சிவப்பில் வந்த மொபெட் ஒன்றை நிறுத்தினேன். நேராக முன்னால் போனேன். பார்த்தால் என்னைப் படிக்க வைத்த தாய்மாமன். "அடேய், நீயாடா" என்று அவர் சிரிக்க, நானும் பல்லைக் காட்ட, மொபெட் போய்விட்டது. எதிர் மூலையிலிருந்து சார் நடந்து வந்தார்.

"யாரு?"

"மாமா சார்."

"முன்னாடி போனியா, பின்னாடி போனியா?"

"முன்னாடி சார்."

"அதான்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். "மொகத்தப் பாத்துட்டா எழுத வராது ஏழுமல. எனக்கும் வராது. நாம ஒண்ணும் மகான் கெடையாது. அதனாலதான் பின்னாடி போறோம்."

நான் விட்டுவிட்டதில் மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த வாரமே மறுபடி சிவப்பில் வந்தார், இந்தத் தடவை சார் கையில் மாட்டினார். அந்தப் பொங்கலுக்கு மாமா எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. சாரிடம் மாட்டியது என் மாமா மட்டுமா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டிக்கொண்டு வந்த அவருடைய பங்குச் சாமியாருக்கே சலான் கொடுத்துவிட்டு, பின்னாலேயே போய் அதே பூசையில் முழங்காலிட்டவர். வீட்டில் அவர் மனைவி மதாம் அன்றைக்குச் சோறு போட்டாரா இல்லையா என்று நாங்கள் பந்தயம் கட்டிச் சிரித்தோம்.

சிரிக்க முடியாத நாள் ஒன்றும் வந்தது. சாரின் மகன் மார்செல் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஒரு சாயங்காலம் கியர் ஸ்கூட்டர் ஒன்று சிவப்பில் சீறிக்கொண்டு வந்தது. நான் நிறுத்திவிட்டுப் பழக்கப்படி பின்னால் போனேன். நம்பரைப் படித்தேன். சாருடைய வண்டி. எதிர்ப் பக்கம் சார் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதினேன். எழுதிவிட்டு முன்னால் வந்தால் பையன் தலை குனிந்து நிற்கிறான். சார் ரோட்டைத் தாண்டி வந்து, எழுதியாயிற்றா என்று மட்டும் என்னைக் கேட்டார். ஆயிற்று என்றேன். வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகனிடம் சொன்னார்: "நம்ம வூட்ல சலான் வந்தா சாவி போவும். நடந்து போ."

மார்செல் படிப்பு முடிகிறவரை பஸ்ஸில்தான் போனான். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்படி ஒரு ஆளிடம் வேலை பார்க்கிறேன் என்று. அந்த ஸ்கூட்டர் நம்பர் அன்றே என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

சார் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார். வருஷங்கள் ஓடி என் முறையும் வந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து நான் போட்ட கூச்சல் தாங்காமல், ஏதாவது வேலைக்குப் போய்த் தொலையுங்கள் என்று வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். சரியாக அந்தச் சமயத்தில்தான் கேமரா வந்தது. அது எடுக்கிற படத்தையெல்லாம் ஒரு மனுஷன் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அதற்குச் சிக்னலில் பழுத்த ஆள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ட்ரோல் ரூமில் ஏ.சி., சுழல் நாற்காலி. கவிதா மேடம்தான் பொறுப்பு.

வேலை இதுதான். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு படம் வரும். ஒன்றில் சிவப்பு எரியும், வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும். இன்னொன்றில் சிவப்பு எரியும், வண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். நம்பர் தனியாகப் பெரிதாகத் தெரியும். சரி என்றால் ஒரு பொத்தான், தள்ளுபடி என்றால் இன்னொன்று. தள்ளுபடி என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணங்கள் திரையிலேயே வரிசையாக இருக்கும். நம்பர் தெளிவில்லை, ஆம்புலன்சுக்கு ஒதுங்கியது, காவலர் கை காட்டி அனுப்பியது, இப்படி. விளக்கு எந்த நிறத்தில் எரிந்தாலும் அங்கே நிற்கிற காவலரின் கைதான் பெரிது, அதனால் அந்தக் கடைசிக் காரணம்.

கேமரா வந்த புதிதில் லூர்து சாரைப் பார்க்கப் போயிருந்தேன். மதாம் காலமாகி, மார்செல் குடும்பத்தோடு இருந்தார். கேமரா பின்பக்கமிருந்துதான் படம் எடுக்கிறது என்று சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் சொன்னத நீங்க ஒருத்தனும் கேக்கல. ஒரு கம்பம் கேக்குது பாத்தியா" என்று சிரித்தார்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலை வேளையில் திரையில் ஒரு படம். நெல்லித்தோப்பு சிக்னல், சிவப்பு, பழைய கியர் ஸ்கூட்டர், வெள்ளை ஹெல்மெட். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. நம்பரைப் பார்த்தால் முகம் மறைந்துவிடும் என்பது சாருடைய பாடம். எனக்கோ அந்த நம்பரே முகம்.

அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாதா. சலான் வந்தால் சாவி போகும். சாருக்கு மிச்சம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். காலையில் கோயிலுக்கு, அங்கிருந்து மீன் வாங்க, அப்படியே மதாமின் கல்லறைக்கு. ஒரு தடவை கண் தப்பியிருக்கும், போகட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தேன். கேவலமான காரியத்தையெல்லாம் நாம் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். தள்ளுபடி பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது. காவலர் கை காட்டி அனுப்பியது என்பதைத் தொட்டேன். அந்த நேரத்தில் அங்கே காவலரே கிடையாது.

இரண்டாவது படம் சில வாரம் கழித்து வந்தது. இந்தத் தடவை சிவப்பு விழுந்து வெகு நேரம் ஆகியிருந்தது. குறுக்கே போகிற வேன் ஒன்று சார் வண்டிக்குக் கை எட்டும் தூரத்தில் பிரேக் போட்டு மூக்கைக் குத்தி நிற்கிறது. அதையும் தள்ளுபடி செய்தேன், அதே காரணம்.

நேரில் போய்ப் பதமாகச் சொல்லிவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையம் போனேன். சார் தானே காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை என் முன்னால் இருந்த ஸ்டூலின் ஓரத்தில் வைத்தார். பாதி வெளியே இருந்தது. நான் பிடிக்காவிட்டால் விழுந்திருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த நான் வாயைத் திறக்கவில்லை.

"எத்தன பேர வுட்டிருப்ப இதுவரைக்கும்?" என்று கேட்டார்.

"யாரையும் வுடல சார்."

"போன். வுடாத" என்றார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவர் போட்ட காபியையும் குடித்துவிட்டு வந்தேன். ஊரில் இருக்கிறவனையெல்லாம் வாய் கிழியக் கேள்வி கேட்டவனுக்கு, கேட்க வேண்டிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது படத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஸ்கூட்டர் கோட்டைத் தாண்டி, சிக்னலின் நட்ட நடுவில் நிற்கிறது. சார் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைத் தூக்கி, அண்ணாந்து விளக்கைத் தேடுகிறார். விளக்கு அவருக்குப் பின்னால் போய்விட்டது. எந்த இடத்தில் நின்று காலமெல்லாம் ஊரையே நகர்த்தினாரோ, அதே இடத்தில் வழி தெரியாத ஆள் மாதிரி நிற்கிறார். சின்னக் குழந்தை பார்த்தாலும் சொல்லும், இவருக்கு வண்டி ஓட்டக் கண் போதவில்லை என்று. எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் தள்ளுபடி செய்தேன்.

அன்றைக்குக் கவிதா மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஐயா, காலையில அந்தப் பாயிண்ட்ல நம்ம ஆள் யாரும் நிக்கறதில்லையே" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா மேடம், நான் நின்ன எடம் அது" என்றேன். குரலில் கொஞ்சம் சூட்டை ஏற்றிச் சொன்னேன். பெரியவர், அனுபவஸ்தர், இவரிடம் போய் எப்படி வாதாடுவது என்று அந்தப் பெண் பேசாமல் போய்விட்டார். நான் சார் முகத்தைப் பார்த்தேன், மேடம் என் முகத்தைப் பார்த்தார். தாட்சண்யம் ஒரு ஆளோடு நிற்பதில்லை. கையில் ஒட்டிய பலாப்பால் மாதிரி அடுத்தவர் மேலும் ஒட்டிவிடுகிறது.

நாலாவது படம் கோரிமேட்டிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நின்று ஜனங்கள் இறங்கிக் கடக்கிற இடம். விபத்து நடந்ததை யாரும் எனக்குச் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் படத்தைத் திறந்தேன். சிவப்பு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை ஹெல்மெட். இரண்டாவது படத்தில் ஸ்கூட்டர் சாய்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் புடவை கட்டிய ஒரு பெண், விழுந்துகொண்டிருக்கிறாள். கையில் ஒரு ஒயர் கூடை. அதிலிருந்த தூக்குச் சட்டி தனியாகப் பறந்துகொண்டிருக்கிறது.

சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து, மேடத்திடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மார்செல் நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கும். சாருக்குத் தொடை எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றான். நான் வாயெடுக்கும் முன்பே அவனாகவே பேச ஆரம்பித்தான். ஒரு வருஷமாக வண்டியை விட்டுவிடச் சொல்லிச் சண்டை போடுகிறானாம். கண் டாக்டரிடம் கூப்பிட்டால் வர மறுக்கிறாராம். சாவியை ஒளித்து வைத்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாராம்.

"எப்ப கேட்டாலும் ஒரே பதில்தாண்ணே. எம்பேர்ல ஒரு சலான் காட்டு, சாவிய நானே குடுத்துடறேன்னுவாரு. நானும் தெனம் தபால்காரர் வந்தா எட்டி எட்டிப் பாப்பேன். ஒரே ஒரு நோட்டீஸ் வந்தா போதும்னு மாதாவ வேண்டிக்கினு இருந்தேன்."

மூன்று வந்ததடா மார்செல், மூன்றையும் நான்தான் தின்றேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "அப்படியா" என்றேன். அந்த "அப்படியா"வை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி முடிக்க எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. கேட்டுவிட்டு அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமம், கூலி வேலை. புருஷனுக்குச் சிறுநீரகக் கோளாறு; மாடி வார்டில் அட்மிட் பண்ணியிருந்தார்கள். அவருக்கு இட்லி வாங்கிக்கொண்டு கடக்கும்போதுதான் அடிபட்டாள். இடுப்பெலும்பு. இனிமேல் நாற்று நடுவதற்குக் குனிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ்காரன் என்று சொல்லிக்கொண்டுதான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தன் மேல் தப்பில்லை என்று அவள் எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பச்ச ஆளு படம் வந்துதான் எறங்கனேண்ணே. படிக்கத் தெரியாது எனக்கு. செவப்பு வந்தா வண்டி நிக்கும், நடக்கற ஆளு படம் வந்தா போலாம்னு நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. நின்னு, பாத்துதான் போனேன்."

அவள் எங்கள் விளக்கை நம்பினாள். நான் அவள் கட்டிலோரம் நின்று, என் மேல்தான் தப்பு என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. வண்டியை ஓட்டிய தாத்தா நீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் உங்களுக்கென்ன என்றாள். பதில் சொல்ல முயன்றேன். நோட்டீஸ், பொத்தான், படம் என்று நான் பேசியதெல்லாம் எனக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறந்துபோன மதாமின் ஆத்ம சாந்திப் பூசைக்கு மார்செல் வைத்திருந்த பணத்தையும் என்னுடையதையும் சேர்த்து அவள் செலவுக்கு இப்போது கொடுத்துவருகிறோம். அதைச் சொல்லி நல்ல பேர் வாங்க நான் இதை எழுதவில்லை. அவளால் இனி நாற்று நட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

சாரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. கோரிமேட்டுப் படத்துக்கு நான் சரி சொன்ன நோட்டீஸ். அன்று சாயங்காலம் என்னை வரச் சொன்னார் என்று மார்செல் போன் பண்ணினான். அவரிடம் அவன் எதையும் சொல்லவில்லையாம். அது உன் வேலை என்றான். முதல் தடவையாக அண்ணே என்ற வார்த்தை இல்லாமல் பேசினான்.

சார் சாய்ந்து படுத்திருந்தார். பக்கத்து மேஜையில் நோட்டீஸ், அதன் மேல் ஸ்கூட்டர் சாவி. பேச்சை அவர்தான் தொடங்கினார். கோரிமேட்டுக்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை தனக்கு விளக்கு சரியாகத் தெரியாமல் தாண்டிவிட்டதாகச் சந்தேகம் இருந்ததாம். ஒரு நாள் நெல்லித்தோப்பு நடுவில் நின்று முழித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். ஆனால் கேமரா இருக்கிறதே, தாண்டியிருந்தால் காகிதம் வந்திருக்குமே, வரவில்லை என்றால் நாம் சரியாகத்தான் போயிருக்கிறோம் என்று தைரியப்படுத்திக்கொண்டாராம்.

"அந்தப் படம்லாம் உன்கிட்ட வரல?"

"வந்துது சார்."

"எத்தினி?"

"மூணு சார். நாந்தான் வுட்டுட்டேன்."

எந்தக் காரணத்தைப் போட்டு விட்டாய் என்று கேட்டார். சொன்னேன். காவலர் கை காட்டி அனுப்பியது. அவர் கட்டுப்போட்ட தன் கையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சர்வீசில் இருந்த காலத்தில் ஒரு நாளும் நான் பார்க்காதது.

"எம்மவன் கேட்டப்பல்லாம் நெஞ்ச நிமித்திச் சொன்னேன் ஏழுமல, எம்பேர்ல ஒரு சலான் காட்டுடான்னு. அது நான் சம்பாரிச்சதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ போட்ட பிச்சையா அது?"

நான் அவர் காலைத் தொடப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். மார்செலைக் கூப்பிட்டு, மேஜை மேலிருந்த சாவியைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மார்செல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு சார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளம்புகிறவரை திரும்பவில்லை, அதற்குப் பிறகு போன இரண்டு தடவையும் திரும்பவில்லை.

மேடம், நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். கேமராவில் குறை இருக்கிறதா என்றால் இருக்கும். அதைப் படித்தவர்கள் எழுதட்டும். என் விஷயத்தில் அது தன் வேலையைச் செய்தது, அதுவும் நாலு தடவை. மலரில் போடுவதென்றால் என் பெயரைப் போட்டே போடுங்கள். அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாள். சக்கர நாற்காலியை பஸ்ஸில் ஏற்ற ஆள் வேண்டியிருந்தது, நானும் ஒரு பக்கம் பிடித்தேன். டிக்கெட் எடுத்து உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் போலீஸ் என்று கேட்டாள். சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.